ஞாயிற்றுக்கிழமை அப்பா: கைக்குழந்தையும் தகப்பனும்

கேள்வி: 3 பிப்ரவரி 2024, திருப்பூர் வாசகர்

எனக்கு மகன் பிறந்து 35 நாட்கள் ஆகின்றன. மனைவியும் குழந்தையும் பொள்ளாச்சியில் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் போய் வருகிறேன். கையில் வாங்கினால் அழுகிறான், உடனே யாராவது வாங்கிக்கொள்கிறார்கள். வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவனைப் பார்க்கும்போது எனக்குள் எதுவும் பொங்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோலத்தான் இருக்கிறது. பால் கொடுக்க முடியாத தகப்பனுக்குப் பாசம் எப்போது வரும்? எனக்கு மட்டும்தான் இப்படியா?

3 பிப்ரவரி 2024, இரவு 10.40

உங்களுக்கு மட்டும் இல்லை. 2016 செப்டம்பரில் சாத்தூரில் என் மகள் பிறந்தபோது எனக்கும் இப்படித்தான் இருந்தது. அதை யாரிடமும் கேட்கும் துணிவு எனக்கு இல்லை, நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

அப்போது எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை ஷிப்டு முடிந்து இரவுப் பேருந்து ஏறினால் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் சாத்தூர் வந்து சேரும். கைகால் கழுவி, சட்டை மாற்றி, காப்பி குடித்து முடித்தபின் அத்தை குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைப்பார். நான் வெடிகுண்டைப் பிடிப்பதுபோலப் பிடித்திருப்பேன். இரண்டு நிமிடத்தில் அவள் முகம் சுருங்கும், மூன்றாவது நிமிடம் "குடுங்க மாப்பிள்ளை, பசிக்குதுபோல" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். மாலையில் திரும்பும் பேருந்து. மூன்று மாதத்தில் நான் என் மகளைக் கையில் வைத்திருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு நாள்கூடத் தேறாது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எனக்கு ஏன் பாசம் வரவில்லை என்று நான் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கர்ப்ப காலத்திலேயே வயிற்றருகில் பேசியிருந்தால் பிறந்ததும் உங்கள் குரலை அடையாளம் கண்டிருப்பான். அது தவறிவிட்டது என்றாலும் இப்போதும் பேசலாம்.

4 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதன் கடைசிப் பத்தியைத் திருத்துகிறேன். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலை விரும்பிக் கேட்கின்றன என்று 1980-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ரப்பர் காம்பைச் சப்பும் வேகத்தைக் குழந்தையே மாற்றி எந்தக் குரல் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும்படி சோதனையை அமைத்திருந்தார்கள். 1984-ல் அதே வழியில் தகப்பனின் குரலைச் சோதித்தபோது, இரண்டு ஆண் குரல்களை வேறுபடுத்தி அறிந்த குழந்தைகள்கூடத் தகப்பனின் குரலுக்குத் தனி விருப்பம் எதையும் காட்டவில்லை. ஆகவே வயிற்றருகில் பேசாததால் நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை. தகப்பன் யாராக இருந்தாலும் பிறந்த பிறகு முதலிலிருந்துதான் தொடங்குகிறார்.

எனக்கு இது வருத்தம் தரும் செய்தியாகப் படவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

6 பிப்ரவரி 2024

"பால் கொடுக்க முடியாத தகப்பன்" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு என் இரண்டாவது குழந்தையின் கதைதான் பதில், கொஞ்சம் நீளமானது.

2020 மே மாதம். ஊரடங்கு. மன்னார்குடியிலிருந்து என் அம்மா வருவதாக ஏற்பாடு. மாவட்டம் விட்டு மாவட்டம் வர இ-பாஸ் வேண்டும், அது கிடைக்கவில்லை. சாத்தூரிலிருந்து அத்தையாலும் வர முடியவில்லை. 35-வது வாரத்திலேயே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். எடை 2 கிலோ 100 கிராம். உடன் இருக்க ஒருவருக்கு மட்டும்தான் அனுமதி என்பதால் அந்த ஒருவர் நானாக இருந்தேன். முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால் எங்கள் குடும்பத்தில் நிச்சயமாக அது நானாக இருந்திருக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் ஒரு சிஸ்டர் வந்து, "சார், சட்டையைக் கழட்டிட்டு உட்காருங்க" என்றார். எனக்கு ஏதோ பரிசோதனை என்று நினைத்துச் சட்டையைக் கழற்றினேன். குல்லாவும் நாப்பியும் மட்டும் போட்டிருந்த பிள்ளையைத் தவளைபோலக் கால்களை மடித்து, என் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கும் வாயும் மறையாதபடி துணியால் என்னோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அம்மாவுக்குத் தையல் வலி தணியும்வரை அப்பாவின் உடம்புச் சூடு போதும் என்றார். கங்காரு பராமரிப்பு என்று இதைச் சொல்கிறார்கள். இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை. குறைமாதக் குழந்தைகளுக்கும் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தவற்றுக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை இதைச் செய்ய வேண்டும் என்று 2022-ல் உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. முதன்மையாகத் தாய்க்கு உரியதுதான் என்றாலும் அவரால் முடியாத நேரங்களில் தகப்பனும் செய்யலாம்.

முதல் பத்து நிமிடம் எனக்கு வெட்கம். அதற்குப் பின் பயம், அவன் மூச்சு விடுகிறானா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு மணி நேரம் கழிந்தபோது மார்பில் ஒரு சிறு ஈரம் படர்ந்தது. வேர்வையா, கக்கிய பாலா, வேறு ஏதாவதா என்று புரியவில்லை, அசையவும் முடியவில்லை. (வேறு ஏதாவதுதான்.)

இனிப் பால் விஷயம். அவனுக்குச் சப்பத் தெரிந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் களைத்துத் தூங்கிவிடுவான். ஆகவே பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைப் பாலாடையில் ஊட்டச் சொன்னார்கள். பாலாடை தெரியும் அல்லவா, நம் பாட்டிமார் சங்கு என்றும் சொல்வார்களே, மூக்கு வைத்த அந்தச் சிறு கிண்ணம். கொதிநீரில் போட்டு எடுத்த எவர்சில்வர் பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்துத் துளித்துளியாகச் சரிக்க வேண்டும். அவன் விழுங்கியபின்தான் அடுத்த துளி. அவசரப்பட்டால் புரையேறும். 30 மில்லி ஊட்ட எனக்கு இருபது நிமிடம் ஆகும், அதன்பின் தோளில் சாய்த்து ஏப்பத்துக்குக் காத்திருக்கப் பத்து நிமிடம், அடுத்த வேளை இரண்டு மணி நேரத்தில். இப்படி இரவும் பகலும் பன்னிரண்டு நாள்.

எந்த நாளில் பாசம் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மருந்துக் கடையில் வரிசையில் நின்றபோது "இந்நேரம் அவனுக்குப் பசிக்குமே" என்று உடம்பு பதறியது. மகள் விஷயத்தில் மூன்று மாதம் காத்திருந்தும் அந்தப் பதற்றம் எனக்கு வரவில்லை. ஆள் அதே ஆள்தான். வேலைதான் வேறு. பாசம் வந்தபின் வேலை செய்யலாம் என்று காத்திருந்தது என் தவறு. வேலை முன்னால் போகிறது, பாசம் அதன் பின்னால் வருகிறது.

6 பிப்ரவரி 2024, சற்றுப் பின்னர்

பீய்ச்சிய பால் ஊட்டுவது எல்லாக் குழந்தைக்கும் தேவை இல்லை. நேரடியாக நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு, "அப்பாவும் பழகட்டும்" என்பதற்காக இதைத் தொடங்கிவிடாதீர்கள். என் மகனுக்கு மருத்துவர் சொன்னதால் செய்தோம். உங்கள் கேள்விக்கு ஏற்ற விடை வேறு இடத்தில் இருக்கிறது. 1964-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், குழந்தை யாரிடம் ஒட்டுகிறது என்பதைப் பால் கொடுப்பது தீர்மானிக்கவில்லை, அழுகைக்கும் அசைவுக்கும் யார் உடனே பதில் கொடுக்கிறாரோ அவரிடம் ஒட்டுகிறது என்று கண்டார்கள்.

9 பிப்ரவரி 2024

என் மனைவி இவற்றைப் படித்துவிட்டு இரண்டு திருத்தங்கள் சொன்னார். முதலாவது, பன்னிரண்டு நாள் அல்ல, ஒன்பது நாள். கடைசி மூன்று நாள் அவனே நேராகக் குடித்துவிட்டான், நான் சும்மா பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம்.

இரண்டாவது திருத்தம் கனமானது. தாய்வீட்டுப் பிரசவத்தை நான் பழிப்பதுபோல எழுதியிருக்கிறேன் என்கிறார். "அந்த மூணு மாசம்தான் நான் மனுஷியா தூங்கினேன். அம்மா வீடு இல்லாம உங்க வீட்ல இருந்திருந்தா முப்பதாம் நாள் அடுப்படியில நின்னிருப்பேன்" என்றார். மறுக்க முடியவில்லை. பத்தியச் சோறும் வெந்நீர்க் குளியலும் கேட்காமலே கிடைக்கும் தூக்கமும் பெண்ணுக்கு அங்கேதான் வாய்க்கின்றன. அந்த வழக்கம் தாயைக் காக்கிறது. தகப்பனை விருந்தாளி ஆக்குவது அதன் நோக்கம் அல்ல, பக்க விளைவு. விருந்தாளிக்குக் காப்பி கொடுப்பார்கள், அழுக்குத் துணி கொடுக்க மாட்டார்கள். ஆகவே திருப்பூர் நண்பரே, மாமியார் வீட்டோடு சண்டைக்குப் போக வேண்டாம். அழுக்குத் துணியைக் கேட்டு வாங்குங்கள், போதும்.

10 பிப்ரவரி 2024

"அந்தக் காலத்து அப்பாக்கள் இதெல்லாம் செய்தார்களா, நாங்கள் வளரவில்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மன்னார்குடியில் கூட்டுக் குடும்பம். பெரியவர்கள் முன்னால் சொந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது மரியாதைக் குறைவு என்று என் அப்பா என்னைத் தூக்க மாட்டார். ஆனால் தம்பி பிள்ளையைத் தூக்கலாம். அதனால் சித்தப்பா மகனை அப்பாதான் தோளில் போட்டுத் திண்ணையில் உலாத்துவார், என்னைச் சித்தப்பா வைத்திருப்பார். இரண்டு ஆண்களும் தூக்கினார்கள், பிள்ளைகள்தாம் மாறிப் போயின. இன்றும் எனக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றால் விரல் சித்தப்பா எண்ணைத்தான் தேடுகிறது. அப்பா இருந்தவரை அதை அவர் கவனித்திருப்பாரா என்று அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத இப்போது மனம் இல்லை.

11 பிப்ரவரி 2024

குழந்தையைத் தூக்கினால் ஆண்மைச் சுரப்புநீரான டெஸ்டோஸ்டிரோன் குறையும் என்று யாரோ பீதி கிளப்பியிருக்கிறார்கள். பாதி உண்மை. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளிவந்த ஆய்வில், தகப்பன் ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கியிருந்தது, அதிலும் நாளுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களுக்குக் கவனிக்காதவர்களைவிடக் குறைவாக இருந்தது. அது நோய் இல்லை, பணிக்கு ஏற்ப உடம்பு ஒத்துப்போவது என்றே ஆய்வாளர்கள் அதைப் படிக்கிறார்கள். தகப்பன் என்ற பட்டம் கிடைத்ததோடு உடம்பு நின்றுவிடுவதில்லை, செய்யும் வேலையின் அளவையும் பார்க்கிறது என்பதுதான் எனக்கு அதில் சுவையான செய்தி. மற்றபடி எனக்குக் குறைந்தது தூக்கம் மட்டுமே.

12 பிப்ரவரி 2024

திருப்பூர் நண்பர் குறிப்பாக என்ன செய்வது என்று கேட்கிறார். உங்கள் மகனுக்கு ஒன்றரை மாத ஊசி வந்துவிட்டது, 35 நாள் என்று எழுதி ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் போடவில்லை என்றால் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நீங்களே மடியில் வைத்துப் பிடியுங்கள். அன்றிரவு அங்கேயே தங்குங்கள். ஊசிக் காய்ச்சல் பெரும்பாலும் இரவில்தான் தெரியும். எடைக்கு ஏற்ற காய்ச்சல் சொட்டு மருந்தின் அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் உங்களிடம் இருந்தால் இரவு இரண்டு மணிக்கு எல்லாரும் உங்களைத்தான் எழுப்புவார்கள். அதுதான் வேண்டும்.

"ஊசி போட்டவன் என்று குழந்தை என்னை வெறுத்துவிடாதா" என்று இன்னொருவர். ஆறு வாரக் குழந்தை அப்படிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொள்வதாக இருந்தால் சிஸ்டர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அழுகை பற்றி ஒன்று, இதில் வேடிக்கை இல்லை. ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் குழந்தைகளின் அழுகை உச்சத்தில் இருக்கும், பெரும்பாலும் மாலையில். பால், துணி, ஏப்பம், சூடு எல்லாம் பார்த்தும் நிற்காத அழுகை உண்டு. உங்களுக்குக் கோபம் ஏறுவது தெரிந்தால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். எந்த நிலையிலும் குலுக்காதீர்கள், கைக்குழந்தையின் மூளைக்கு அது தாங்காது. மார்பில் போட்டபடி சோபாவில் கண்ணயர்ந்துவிடவும் கூடாது. அசதி வந்தால் வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

18 பிப்ரவரி 2024

குளிப்பாட்டுவதை ஆண்களால் செய்ய முடியாது என்று ஒரு பெரியம்மா எழுதியிருக்கிறார். முடியும், ஆனால் முதல் நாள் அழகாக இருக்காது.

என் மகனின் எடை இரண்டரைக் கிலோவைத் தாண்டும்வரை துணியால் துடைத்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தாண்டிய மறுநாள் சாத்தூரிலிருந்து அத்தை வீடியோவில் வந்தார். குளியலறையில் மணை போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தேன். போனைச் சோப்புப் பெட்டியில் சாய்த்து வைத்திருந்தோம். "மாப்பிள்ளை, ரெண்டு காலையும் ஒட்டி வைங்க, நடுவுல பள்ளம் விழக் கூடாது. குப்புறப் போடும்போது முகம் தண்ணிக்கு மேல இருக்கணும். தலைக்குக் கடைசியில ஊத்துங்க" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மனைவி பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றினார். எண்ணெய் வழுக்கிய அந்த முதுகு என் உள்ளங்கை அளவுதான் இருந்தது, முதுகெலும்பின் மணிகளை எண்ணிவிடலாம். எல்லாம் முடிந்து துண்டில் சுற்றியபின்தான் பார்த்தோம், போன் எப்போதோ சரிந்து வாளியை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறது. அத்தை அரை மணி நேரமும் வாளியைப் பார்த்தே குளிப்பாட்டியிருக்கிறார், ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

ஒரே ஓர் இடத்தில் அவர் சொன்னதை மீறினேன். மூக்கை ஊதிச் சளி எடுப்பதும் காதில் எண்ணெய் விடுவதும் வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாளிக்கு அது தெரியவில்லை.

2 மார்ச் 2024

விடுப்புச் சட்டம் கேட்டவருக்கு. மத்திய அரசு ஊழியருக்கு, இரண்டுக்கும் குறைவான குழந்தைகள் இருந்தால், 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு, பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் துறையில் தாய்க்கு 2017 முதல் 26 வாரம் சட்டப்படி உண்டு, தகப்பனுக்குச் சட்டம் எதுவும் இல்லை, நிறுவனத்தின் மனம் போல. எனக்கு 2016-ல் கிடைத்தது மூன்று நாள். தந்தைமை விடுப்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கில் குறிப்பிட்டது.

ஸ்வீடனைச் சொல்லி ஏங்குபவர்களுக்கு ஒரு தகவல். அங்கே 1974-லேயே தகப்பனும் விடுப்பு எடுக்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. எடுத்தவர்கள் சொற்பம். தகப்பன் எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்று 1995-ல் ஒரு மாதத்தை ஒதுக்கிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. "விருப்பம் இருந்தால் செய்யுங்கள்" என்று சொன்னால் ஸ்வீடன்காரரும் நம்மைப்போலத்தான்.

9 மார்ச் 2024

தோஹாவிலிருந்து ஒருவர், மகளை முதன்முதலில் அவளுடைய பதினோராம் மாதத்தில்தான் பார்த்ததாகவும், எனது 6 பிப்ரவரி குறிப்பைப் படித்துவிட்டு அன்று தூங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மன்னிக்க வேண்டும். நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

என் மகள் நான்காம் மாதம் ஓசூர் வந்தபோது என்னைக் கண்டாலே அழுதாள். பதினோரு நாள் அழுதாள். பிறகு மாலை நேரத்து உடை மாற்றலும் தூளி ஆட்டுவதும் என் பொறுப்பு ஆயின. எனக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியாது. தெரிந்தது அந்த இரவுப் பேருந்தின் வழி மட்டும்தான். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி, தொப்பூர், ஓமலூர், சேலம் என்று மெதுவாக இழுத்து இழுத்துச் சொல்வேன். நாமக்கல் தாண்டும்போது கண் சொருகும், கரூரில் தூங்கிவிடுவாள். இன்று ஏழரை வயது, பள்ளியில் யாரோடு சண்டை என்பது முதலில் எனக்குத்தான் தெரியும். தாமதமாகத் தொடங்கியதால் அவளிடம் நான் எதையும் இழந்ததாக இன்று எனக்குத் தோன்றவில்லை. நான் இழந்தது அந்த மூன்று மாதத்தை. அது என் இழப்பு, அவளுடையது அல்ல. தோஹா நண்பர் ஊருக்கு வரும்போது பொம்மைப் பெட்டியோடு நிறுத்தாமல், சோறு ஊட்டுவதையோ உறங்கவைப்பதையோ விடுமுறை முழுவதும் தன் கையில் எடுத்துக்கொள்ளட்டும்.

10 மார்ச் 2024

முதல் கேள்விக்கு நான் உடனே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று. எதுவும் பொங்காமல் இருப்பது வேறு, எதிலுமே மனம் ஒட்டாமல் போவது வேறு. குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், எதற்கெடுத்தாலும் எரிச்சல் மூண்டு, வீட்டுக்குப் போக மனமின்றி வேலையிடத்திலேயே நேரத்தைக் கடத்துவது சில வாரங்களுக்கு நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தகப்பன்மாரில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இது வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் கணக்கிட்டார்கள், குழந்தையின் மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் அதிகம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

21 ஏப்ரல் 2024

திருப்பூர் நண்பர் எழுதியிருக்கிறார். ஊசிக்குப் போனாராம், இரவு தங்கினாராம், குழந்தை இரண்டு மணிக்கு அழுதபோது மாமியாரே அவரை எழுப்பினாராம். இப்போது புதன்கிழமையும் போகிறார். பாசம் வந்ததா என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பையன் மூன்று நாளாக மஞ்சளாகப் போவது சரிதானா, ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்க வேண்டும், இடது தோளில் போட்டால் மட்டும் ஏப்பம் வருவது ஏன் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருக்கிறார்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மலம் மஞ்சளாகப் போவது சரிதான். நாளுக்கு ஆறு துணிக்குக் குறையாமல் நனைத்தால் பால் போதுகிறது என்று கொள்ளலாம். இடது தோள் ஏன் என்று எனக்கும் தெரியவில்லை, என் மகனுக்கு வலது தோள்.